நேம் பிளேட்டைப் படிடா

திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை. மத்தியானம் மூன்று மணி, வார்னிஷ் வாடை. வயிறு பிளந்து கிடக்கும் போர்வெல் மோட்டாருக்கு முன்னால் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். கார்த்தி ஸ்கூட்டரிலிருந்து எதையோ பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்குகிறான்.

கார்த்தி: சித்தப்பா, உங்கள் பூதக்கண்ணாடியும் அந்தக் கூர்மையான சாமணமும் ஒரு பத்து நிமிஷம் வேண்டும்.

சித்தப்பா: எதற்கு?

கார்த்தி: சும்மாதான்.

சித்தப்பா: சும்மா எவனும் பூதக்கண்ணாடி கேட்டதில்லை. வேட்டிக்குள் என்ன, கோழியா?

கார்த்தி: கம்ப்யூட்டர். நீங்கள் கொடுத்த பணத்தில் கட்டினேனே, அது.

சித்தப்பா: கல்யாண வீடியோ எடிட் பண்ணிச் சம்பாதித்துத் திருப்பித் தருகிறேன் என்றாயே, அந்தக் கம்ப்யூட்டரா? வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கட்டுப் போட்டுத் தூக்கி வந்திருக்கிறாய்.

கார்த்தி: நன்றாகத்தான் ஓடியது. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டலாமே என்று...

சித்தப்பா: என்று?

கார்த்தி: ஓவர்கிளாக் பண்ணலாம் என்று நினைத்தேன். அதாவது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்குள்ளே ஒரு அடிப்படைத் துடிப்பு இருக்கிறது சித்தப்பா, 100 மெகாஹெர்ட்ஸ். அதை 39 மடங்காக்கித்தான் 3.9 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டு விற்கிறான். நாம் அந்த 39ஐ 46 ஆக்கிவிட்டால் 4.6. காசே இல்லாமல்!

சித்தப்பா: புல்லி மாற்றுகிறாய். மோட்டார் அதேதான், புல்லி மட்டும் பெரிது.

கார்த்தி: அட, அதேதான்! இதைச் சொல்ல ஒருத்தன் நாற்பது நிமிஷம் வீடியோ போட்டிருக்கிறான்.

சித்தப்பா: பெரிய புல்லி போட்டால் மோட்டார் திணறுமே.

கார்த்தி: திணறாமல் இருக்க வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றுவோம். 1.25 இருப்பதை 1.4 ஆக்கினால் போதும்.

சித்தப்பா: என்ன, ஒண்ணேகால் வோல்ட்டா? சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற செல்லே ஒன்றரை வோல்ட்டுடா. அதைவிடக் கம்மியில் ஓடுகிற சாமானுக்கா என்னிடம் அவ்வளவு பணம் வாங்கினாய்?

கார்த்தி: வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஆம்பியர் 60.

(சித்தப்பா கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைக்கிறார்.)

சித்தப்பா: அறுபதா?

கார்த்தி: தொடர்ந்து 60 வரைக்கும் இழுக்க விட்டிருக்கிறான். ஒரு நொடி எகிறினால் 90.

சித்தப்பா: டேய், அது வெல்டிங் மிஷின் ஆம்பியர். மெல்லிய ராடு போட்டு கேட்டுக்கு ஒட்டு வைக்கலாம். எவ்வளவு பெரிய சாமான்?

கார்த்தி: உள்ளே இருக்கிற சில்லு கட்டை விரல் நகம் அளவு இருக்கும்.

சித்தப்பா: நகத்தில் வெல்டிங் வைத்து, அதற்கு மேல் வோல்டேஜையும் ஏற்றப் போகிறாய். இங்கே பார். (பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார்.) வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும், இது காயில் கட்டுகிற பையன் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது. ஒண்ணேகாலிலிருந்து 1.4 என்றால் கால் பங்கு சூடு கூட. வேகத்துக்கு வேறு கூட்டினால் நூற்றுக்கு முப்பது ஆகிறது. சரி, அந்தச் சாமான் தானாக எவ்வளவு வேகம் போகும்? சும்மா விட்டால்?

கார்த்தி: அது... வேலை வந்தால் தானாகவே 4.4 வரைக்கும் ஏறிக்கொள்ளும்.

சித்தப்பா: 4.4லிருந்து 4.6. நூற்றுக்கு ஐந்துகூட வரவில்லை. ஐந்து ரூபாய் லாபத்துக்கு முப்பது ரூபாய் செலவு. உன் அப்பன் பங்குச் சந்தைக்குப் போன கதைதான்.

கார்த்தி: அப்படி இல்லை சித்தப்பா, இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1998இல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒன்று வந்தது, மலிவு விலை. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் ஓட வேண்டியதை 100இல் ஓட்டினார்கள், 300 அப்படியே 450 ஆனது! பாதிக்குப் பாதி இலாபம். 2014இல்கூட ஒரு பென்டியம், ஜி3258, இரண்டே கோர்தான், அதாவது கணக்குப் போடுகிற மூளை இரண்டுதான், 3.2இல் விற்றதை 4.5 வரைக்கும் ஏற்றினவர்கள் உண்டு.

சித்தப்பா: அப்போது கம்பெனிக்காரன் பாதி மாவை வீட்டில் வைத்துவிட்டு இட்லி ஊற்றியிருக்கிறான், நீங்கள் போய் மீதி மாவையும் ஊற்றினீர்கள். இப்போது 4.4 வரைக்கும் அவனே ஊற்றிவிட்டான் என்கிறாயே, சட்டியில் என்ன இருக்கிறது, சுரண்ட?

கார்த்தி: ...

சித்தப்பா: சரி, எது வாங்கினாய் என்றாவது சொல். கடைக்காரன் தலையில் கட்டினதா, நீயாக எடுத்ததா?

கார்த்தி: நானே யோசித்து எடுத்தது. ஏஎம்டி கம்பெனியின் பிராசஸர், ரைசன் 5 5600ஜி. ஆறு கோர். இந்த ஜி இருக்கிறதே, அதுதான் முக்கியம். ஜி இருந்தால் திரையில் படம் காட்டுகிற சாமானும் உள்ளேயே இருக்கும். வெறும் 5600 வாங்கினால் வேகம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும். இன்டெலில் இதற்கு நேர் தலைகீழ். கடைசியில் எஃப் இருந்தால் படம் வராது. ஐ3 12100எஃப் விலை குறைவு என்று தூக்கி வந்தவன், வீட்டில் மாட்டிவிட்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சித்தப்பா: நமக்கு இனிஷியல் முன்னால், அவனுக்குப் பின்னால். ஓவர்கிளாக்குக்கும் இனிஷியல் உண்டா?

கார்த்தி: இன்டெல் என்றால் கே போட்டதுதான் ஏறும், அதற்கு இசட் என்று ஆரம்பிக்கிற விலை கூடிய மதர்போர்டு வேறு வாங்க வேண்டும். ஏஎம்டியில் அப்படி இல்லை, ரைசன் பெரும்பாலும் பூட்டு இல்லாமல்தான் வருகிறது. அதனால்தான் இதை எடுத்தேன்.

சித்தப்பா: நல்ல பையன். இப்போது உண்மையைச் சொல். பூதக்கண்ணாடி எதற்கு?

கார்த்தி: சூடு கூடுமே என்று பெரிய கூலர் ஒன்று வாங்கினேன். 2,200 ரூபாய். பழைய கூலரின் திருகைக் கழற்றிவிட்டு மேலே இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன்.

சித்தப்பா: வந்ததா?

கார்த்தி: பிராசஸரும் சேர்ந்து வந்தது.

(மௌனம். வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.)

கார்த்தி: லீவர் பூட்டித்தான் இருந்தது சித்தப்பா! கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவின பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்துக்கொண்டு, சாக்கெட்டிலிருந்து அப்படியே பல்லைப் பிடுங்கின மாதிரி வந்துவிட்டது.

சித்தப்பா: குளிர்ந்து கிடந்ததை இழுத்தாயாக்கும். பேரிங் எடுக்கும்போது நான் என்ன பண்ணுகிறேன், பார்த்ததே இல்லையா? பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, சூடு ஆறும் முன் இடமும் வலமும் லேசாகத் திருகி எடுக்க வேண்டும். கொண்டா இங்கே.

(கார்த்தி பெரிய தீப்பெட்டி ஒன்றைப் பயபக்தியோடு திறக்கிறான். பஞ்சுக்கு நடுவே பிராசஸர். அடியில் பொன்னிறப் பின்கள், நாற்றங்கால் மாதிரி வரிசை வரிசையாக.)

சித்தப்பா: இது எத்தனை?

கார்த்தி: 1,331. அதில் மூன்று சாய்ந்துவிட்டது.

சித்தப்பா: மிச்சம் 1,328 நிமிர்ந்து நிற்கிறதே, அதற்குச் சாமிக்கு ஒரு தேங்காய் உடை. சாமணம் வேண்டாம், கிள்ளினால் ஒடிந்துவிடும். அந்த வார்னிஷ் சொட்டுவிடுகிற ஊசியை எடு. பழசு வேண்டாம், பிரிக்காதது.

(ஊசியின் துளையைச் சாய்ந்த பின்னின் மேல் தொப்பி போல் மாட்டுகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்துகிறார். மூன்றாவது பின்னுக்கு வரும்போது கார்த்தி கண்ணை மூடிக்கொள்கிறான்.)

சித்தப்பா: முடிந்தது, கண்ணைத் திற. சாக்கெட்டில் தானாக விழ வேண்டும், அழுத்தாதே. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், பொங்கலுக்கு நெய் ஊற்றுகிற மாதிரி ஊற்றாதே. பழைய கூலரையே மாட்டு.

(மாட்டுகிறார்கள். கடையின் சிசிடிவி திரையிலிருந்து கேபிளைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகுகிறார்கள். காற்றாடி சுற்றுகிறது. திரையில் எழுத்து வருகிறது. கார்த்தி சித்தப்பா காலைத் தொட்டுவிட்டு, அதே வேகத்தில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் நுழைகிறான்.)

சித்தப்பா: இன்னும் புத்தி வரவில்லையா?

கார்த்தி: ஒரே ஒரு தடவை, 42 மட்டும் வைத்துப் பார்க்கிறேன்... எங்கே அது? வீடியோவில் இந்த இடத்தில்தான் இருந்தது. இங்கே வரியையே காணோமே.

சித்தப்பா: போர்டு என்ன போர்டு?

கார்த்தி: ஏ520. பி550 கேட்டால் 2,500 ரூபாய் கூடச் சொன்னான், மிச்சம் பிடித்தேன்.

சித்தப்பா: உன் போனில் தேடு. ஏ520இல் புல்லி மாற்ற முடியுமா?

கார்த்தி: (நீண்ட நேரம் படித்துவிட்டு, மெதுவாக) ஏ520இல் முடியாதாம். பி450, பி550 மாதிரி போர்டு வேண்டுமாம்.

சித்தப்பா: ஆக, பூட்டு இல்லாத பிராசஸரை வாங்கி, பூட்டின வீட்டுக்குள் குடி வைத்து, ஓடாத வண்டிக்கு 2,200 ரூபாய்க்கு ரேடியேட்டர் வாங்கி, அதை மாட்டப் போய் எஞ்சினைப் பெயர்த்திருக்கிறாய்.

கார்த்தி: அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

சித்தப்பா: இரு, இரு. அந்த ரேம் பெட்டியை எடு. 3200 என்று போட்டிருக்கிறான். திரையில் மேலே 2400 என்று ஓடுகிறதே, அது என்ன?

கார்த்தி: அது... ஐயோ.

சித்தப்பா: எந்த மோட்டார் வந்தாலும் நான் முதலில் நேம் பிளேட்டைத்தான் படிப்பேன். அதில் எழுதின வேகமும் ஓடுகிற வேகமும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்புளியையே கையில் எடுப்பேன்.

கார்த்தி: ரேமை அதன் பெட்டியில் எழுதின வேகத்தில் ஓட்ட எக்ஸ்எம்பி என்று ஒரு பொத்தான் இருக்கிறது சித்தப்பா, அதை ஆன் பண்ண மறந்துவிட்டேன். ஏ520இலும் அது உண்டு. (தட்டுகிறான். மறுபடி துவக்குகிறான். 3200.) வந்துவிட்டது! இந்த ஜி சிப்புக்குத் தனி வீடியோ மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்கிப் படம் காட்டும். ரேம் வேகமானால் அதுவும் வேகமாகும்.

சித்தப்பா: ரேமுக்கு இரண்டு சொருகு இடம் இருக்கிறது, ஒன்று காலியாக இருக்கிறதே?

கார்த்தி: ஒன்றுதான் வாங்கினேன். இரண்டு போட்டால் இரண்டு பாதையில் போகும், இதற்கு அது பெரிய வித்தியாசம்தான்...

சித்தப்பா: மூன்று பேஸ் மோட்டாரை ஒற்றைப் பேஸில் ஓட்டிக்கொண்டு, புல்லி சிறிது என்று அழுதாயா? கூலரில் விட்ட காசும் போர்டில் மிச்சம் பிடித்த காசும் சேர்ந்தால் அந்த இரண்டாவது ரேம் குச்சிக்குப் பாதி வழியாவது வந்திருப்பாய். கூலரைக் கடைக்காரன் திரும்ப எடுப்பானா?

கார்த்தி: பெட்டியைக் கிழித்துவிட்டேன்.

சித்தப்பா: அதில் இருக்கிற காற்றாடி 12 வோல்ட்தானே?

கார்த்தி: ஆமாம். ஏன்?

சித்தப்பா: சால்டரிங் புகை நாள் முழுக்க மூக்கில் ஏறுகிறது. கழற்றி இந்த மேசை ஓரத்தில் மாட்டு.

கார்த்தி: சித்தப்பா, அது 2,200 ரூபாய்!

சித்தப்பா: ஒரு பின்னுக்கு 700 என்று வைத்தால் மூன்றுக்கு 2,100. மிச்சம் நூறு ரூபாய்க்கு டீயும் வடையும் வாங்கி வா, இரண்டு பேருக்கும்.