படம் பாத்த ராத்திரியே ஸ்டார் போடாதீங்க

வருஷம் முழுக்க ஹாரர் படம் பாக்கணும்னு ஜனவரி 1 அன்னிக்கு உக்காந்து ரூல் எழுதினேன். வாரம் ரெண்டு படம், மொத்தம் 104. 1920கள்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு பத்து வருஷத்துலருந்தும் குறைஞ்சது அஞ்சு படம் இருக்கணும். பாதில நிறுத்தக்கூடாது. முன்னாடியே பாத்த படம்னா திரும்ப முழுசா பாத்தா தான் கணக்குல வரும். படம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே நோட்டுல ஒரு பக்கமாவது எழுதி அஞ்சுக்கு எத்தனை ஸ்டார்னு போட்டுட்டு தான் தூங்கணும். இப்போ டிசம்பர், 97 படம் முடிஞ்சிருக்கு, அந்த கடைசி ரூல் மட்டும் தப்புன்னு எனக்கு இப்போ நல்லாவே தெரியுது, அத பத்தி தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும். சில படத்தோட முக்கியமான இடங்கள சொல்லியே ஆகணும், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிச்சாலும் சரி.

மார்ச் மாசம் வரைக்கும் ரூல்படி தான் போச்சு. ஒருநாள் சும்மா பழைய பக்கத்த எல்லாம் புரட்டிட்டு இருந்தேன். நாலு ஸ்டார் போட்டிருந்த ஒரு படத்தோட கதையே எனக்கு ஞாபகம் வரல. நான் எழுதினத படிச்சும் ஞாபகம் வரல. "ரெண்டு தடவ சீட்ட விட்டு எழுந்துட்டேன்"னு எழுதியிருக்கேன், எதுக்கு எழுந்தேன்னு தெரியல. அதுக்கு ரெண்டு பக்கம் தள்ளி "ரொம்ப ஸ்லோ, பயமே வரல"ன்னு ரெண்டு ஸ்டார் போட்ட ஒரு படம், அதுல வர்ற ஒரு கை மட்டும் ஒன்றரை மாசமா என் கூடவே இருக்கு. அன்னிக்கே மார்ஜின்ல இன்னொரு வரிசை போட்டேன், ஒரு வாரம் கழிச்சு படத்த திரும்ப பாக்காம யோசிச்சு மட்டும் போடற ஸ்டார். அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் தான் இந்த வருஷம் எனக்கு கிடைச்ச பெரிய விஷயம்.

அந்த கை எந்த படம்னு சொல்லிடறேன். 1963ல வந்த 'தி ஹான்டிங்', ராபர்ட் வைஸ் டைரக்ட் பண்ணது. ஷெர்லி ஜாக்சன் 1959ல எழுதின நாவல்லருந்து எடுத்தது. படம் முழுக்க ஒரு பேயக்கூட கண்ணுல காட்ட மாட்டாங்க. சுவத்துக்கு அந்தப்பக்கம் சத்தம், ஒரு மரக்கதவு மூச்சு விடற மாதிரி உள்பக்கமா வீங்கும், அவ்ளோ தான். ஒரு ராத்திரி எலினார்ங்கற பொண்ணு இருட்டுல படுத்திருக்கா, பக்கத்துல தியோடோரா இருக்கான்னு நினைச்சு அவ கைய புடிச்சிட்டு இருக்கா, பிடி இறுகிட்டே போகுது, வலிக்குது, கத்திடறா. லைட்டு வருது. தியோடோரா அந்த மூலைல வேற கட்டில்ல இருந்து எழுந்துக்கறா. அப்போ இவ்ளோ நேரம் இவ புடிச்சிட்டு இருந்தது யாரோட கை? அந்த இடத்துல நான் குதிக்கல, கத்தல, அதனால தான் அன்னிக்கு நோட்டுல "பயமே வரல"ன்னு எழுதினேன். ஆனா அதுக்கப்புறம் பல நாள் தூங்கறப்போ கைய போர்வைக்கு வெளிய நீட்டவே இல்ல. அப்போ எது பயம்? குதிச்சதா, இல்ல கைய உள்ள இழுத்துக்கிட்டதா?

பேய்ப் படத்த பத்தி பேசற எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "பயமா இருந்துச்சா?" தான். நானும் அப்படித்தான் கேட்டுட்டு இருந்தேன். காமெடி படத்த "சிரிப்பு வந்துச்சா"ன்னு கேக்கற மாதிரி தானேன்னு தோணும், ஆனா பயங்கறது ஒரே பொருள் கிடையாது. திடீர்னு பின்னாடி யாராவது கைய தட்டினா உடம்பு தூக்கிவாரிப் போடும், அது ஒரு ரகம். அதுக்கு கதையும் வேண்டாம், நடிப்பும் வேண்டாம், சவுண்ட் இருந்தா போதும். நாளைக்கு என்ன ஆகுமோன்னு வயித்துக்குள்ள ஒண்ணு கெடந்து உருளும் பாருங்க, அது வேற. முதல் ரகத்த அளந்து ரெண்டாவதுக்கு மார்க் போடறோம். நான் மார்ச் வரைக்கும் செஞ்சது அதான்.

அந்த முதல் ரகத்துக்கு, அதாவது திடீர்னு தூக்கிவாரிப் போட வைக்கறதுக்கு, ஜம்ப் ஸ்கேர்னு பேரு. ஜம்ப் ஸ்கேர்னாலே மட்டம்னு நான் சொல்லல. அது எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா மரியாதை தான் வரும். 1942ல 'கேட் பீப்பிள்'னு ஒரு படம், தயாரிப்பாளர் வால் லூட்டன், டைரக்டர் ஜாக் டூர்னர். கையில காசு கம்மி, அதனால காட்டறத விட மறைக்கறது தான் அதிகம். ராத்திரி ஆளில்லாத ரோட்ல ஒரு பொண்ணு நடந்து போறா, பின்னாடி இன்னொருத்தியோட செருப்பு சத்தம் டக்கு டக்குன்னு வருது, சட்டுனு அந்த சத்தம் நின்னு போகுது. எதுக்கு நின்னுச்சு? செருப்பு போட்ட காலு இப்போ வேற ஏதாவது காலா மாறிடுச்சா? இவ வேகமா நடக்கறா, ஓடறா, நாமளும் கூடவே ஓடறோம், அப்போ சிறுத்தை சீறற மாதிரி ஒரு சத்தம், பாத்தா ஃப்ரேமுக்குள்ள வந்து நிக்கற ஒரு பஸ்ஸோட பிரேக். இன்னிக்கு வரைக்கும் அந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்'னு தான் பேரு. ஹெட்போன் போட்டு பாத்தேன், எண்பது வருஷத்துக்கு மேல ஆன படம், கழுத்து வேர்த்துடுச்சு. பஸ் வந்தப்புறமும் அந்த செருப்பு சத்தம் ஏன் நின்னுச்சுங்கற கேள்வி அப்படியே நிக்குது பாருங்க, அதுல தான் விஷயம் இருக்கு. இப்போ வர்ற நிறைய படத்துல பஸ்ஸ மட்டும் எடுத்துக்கிட்டாங்க, செருப்ப விட்டுட்டாங்க.

இத ஜூலை மாசம் தான் உடம்பால உணர்ந்தேன். அறுபது படம் தாண்டினப்புறம் எனக்கு தாளம் பழகிடுச்சு. பேக்ரவுண்ட் மியூசிக் நிக்கும், ஹீரோயின் பாத்ரூம் கண்ணாடி கதவ திறப்பா, மூடுவா, நான் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவேன், டமார். எட்டு படத்துல எட்டும் சொல்லி வெச்ச மாதிரி. எந்த படமும் ஒட்டல, எழுதவும் வரல, ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு வாரம் எதையும் பாக்காம நிறுத்திட்டேன். சேலஞ்ச் எடுக்கறவங்களுக்கு நான் மனசார சொல்றது, நடுவுல இப்படி நிறுத்தறது தோல்வி இல்ல, அந்த ரெண்டு வாரத்த முதல்லயே கணக்குல சேத்துக்கோங்க. நாக்கு மரத்துப்போனப்புறம் சமையல குறை சொல்லக்கூடாது. அந்த எட்டுல ரெண்டு நல்ல படமா கூட இருந்திருக்கலாம், அதுங்களுக்கு நான் நியாயமா இல்ல.

திரும்ப ஆரம்பிச்சது 'சைக்கோ'ல, 1960. பாத்ரூம் சீன உலகமே பாத்தாச்சு. இந்த தடவ அந்த சீன மட்டும் சத்தத்த முழுசா நிறுத்திட்டு ஒரு தடவ, சத்தத்தோட ஒரு தடவ பாத்தேன். சத்தம் இல்லாம பாத்தா கத்தி, தண்ணி, முகம், திரைச்சீலைன்னு வேகமா மாறி மாறி வருது, ஓடற ரத்தம் சாக்லேட் சிரப் தான்னு தெரிஞ்சதால கண்ணு அதையே தேடுது. சத்தத்தோட பாத்தா எதையும் தேட முடியல. வெறும் தந்திக் கருவிங்கள மட்டும் வெச்சு பெர்னார்ட் ஹெர்மன் போட்ட மியூசிக் அது. டைரக்டர் ஹிட்ச்காக் அந்த சீனுக்கு மியூசிக்கே வேண்டாம்னு தான் முதல்ல சொல்லியிருக்காரு, ஹெர்மன் போட்டுக் காட்டினப்புறம் மனச மாத்திக்கிட்டாரு. ஹாரர் படத்த லேப்டாப் ஸ்பீக்கர்ல, அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்துல பாத்துட்டு மொக்கைன்னு எழுதறவங்க மேல எனக்கு நெஜமாவே கோவம் வருது. மியூசிக் டைரக்டர் நாலு செகண்ட் அமைதி வெச்சிருப்பாரு, அத ரெண்டரை செகண்டா சுருக்கிட்டு பயமே வரலன்னா என்ன அர்த்தம்?

ஒரு கொலைகாரன் ஒவ்வொருத்தரா கொன்னுட்டே போற ஸ்லாஷர் படங்கள் பாதிக்கு மேல எனக்கு ஒட்டல, பார்ட் பார்ட்டா வர்றதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. 1978ல வந்த 'ஹாலோவீன்' மட்டும் விதிவிலக்கு. கொலைகாரன் போட்டிருக்கற மாஸ்க், கடைல கிடைச்ச, 'ஸ்டார் ட்ரெக்' சீரியல்ல வர்ற கேப்டன் கிர்க்கோட மாஸ்க்க வெள்ளை பெயின்ட் அடிச்சு வெச்சது. அதுல கோவமும் கிடையாது, சிரிப்பும் கிடையாது, நாம என்ன நினைக்கறோமோ அதான் அதுல தெரியுது. 'பேராநார்மல் ஆக்டிவிட்டி'யும் அப்படித்தான், டைரக்டர் தன் சொந்த வீட்லயே 15,000 டாலர் மாதிரி செலவுல எடுத்தது. ஸ்டாண்டுல நிக்க வெச்ச கேமரா, தூங்கற ரெண்டு பேர், திறந்து கெடக்கற ஒரு கதவு, ஓரத்துல ஓடற டைம். நம்ம கண்ணு தானா அந்த கதவுகிட்ட போய் உக்காந்துக்குது, யாரும் போகச் சொல்லல.

'ரிங்கு' 1998, ஜப்பான் படம். அதுல பேயா வர்ற சடாகோ நடக்கறது ஏன் அவ்ளோ தப்பா தெரியுதுன்னு ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன். நடிகைய பின்னாடி பின்னாடி நடக்க விட்டு எடுத்து, அத ரிவர்ஸ்ல ஓட விட்டிருக்காங்க. முன்னாடி வர்றா, ஆனா உடம்போட எடை விழற விதம் மனுஷன் முன்னாடி நடக்கற விதத்துல இல்ல. நமக்கு காரணம் தெரியறதுக்கு முன்னாடியே உடம்பு கண்டுபுடிச்சிடுது. கம்ப்யூட்டர்ல எவ்ளோ கோரமா முகம் செஞ்சாலும் இது வராதுன்னு நான் நம்பறேன்.

இனி நம்ம படங்க. இதுக்கு தான் இவ்ளோ நேரம் காத்திட்டு இருந்தேன்.

2009ல ரெண்டு படம் வந்துச்சு, 'யாவரும் நலம்', 'ஈரம்'. ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பாத்தேன். 'யாவரும் நலம்' படத்துல பேய் வர்ற இடம் மத்தியானம் ஒரு மணிக்கு குடும்பமே உக்காந்து பாக்கற டிவி சீரியல். இருட்டு இல்ல, மழை இல்ல, வீடு முழுக்க ஆளுங்க. சீரியல்ல நடக்கறது இந்த வீட்ல நடக்குது, அத ஹீரோ ஒருத்தர் மட்டும் கவனிக்கறாரு. பெரிய குடும்பத்துக்குள்ள தனக்கு மட்டும் ஒண்ணு தெரிஞ்சு அத யார்கிட்டயும் சொல்ல முடியாம இருக்கறத இவ்ளோ சரியா சொன்ன படம் வேற மொழில நான் பாக்கல. 'ஈரம்' தண்ணிய எடுத்துக்கிச்சு. எந்நேரமும் மழை, எல்லா ஃப்ரேம்லயும் ஒரு நசநசப்பு. தண்ணி இல்லாம நாம ஒருநாள் இருக்க முடியாது, அதுலயே பேய வெச்சுட்டா எங்க ஓடுவீங்க? ரெண்டுக்கும் அன்னிக்கு மூணரை போட்டேன், ஒரு வாரம் கழிச்சு ரெண்டும் நாலரை.

'காஞ்சனா' (2011) வந்தப்புறம் ஹாரர் காமெடி தான் ஓடும்னு ஒரு எண்ணம் வந்து வருஷக்கணக்கா அதே அச்சுல படம் வந்துச்சு. காமெடி சேக்கறது தப்புன்னு நான் சொல்ல வரல. 'காஞ்சனா'வ இந்த வருஷம் திரும்ப பாத்தப்போ ஒண்ணு கவனிச்சேன், முதல் பாதி அலறல், துரத்தல் எதுவும் மனசுல தங்கல, சரத்குமார் செஞ்ச காஞ்சனாங்கற திருநங்கையோட பழைய கதை தங்குச்சு. அவங்களுக்கு நடந்த அநியாயம் தங்குச்சு. அப்புறம் வந்த படங்க அந்த அநியாயத்த ஒரு சடங்கு மாதிரி கடைசி இருபது நிமிஷத்துல வெச்சுட்டு, மீதி முழுக்க யாராவது ஒருத்தர் இடுப்புல ஏறி உக்காந்து கத்தறதுக்கு கொடுத்துட்டாங்க. பேயா வர்ற பொண்ணு எதுக்கு செத்தாங்கறத விட அவளப் பாத்து யார் எப்படி கத்தறாங்கங்கறது முக்கியமா போச்சு. இது எனக்கு வருத்தமா இருக்கு.

அதனால தான் 'பிசாசு' எனக்கு முக்கியம். மிஷ்கின், 2014. அன்னிக்கு ராத்திரி நான் போட்டது ரெண்டரை, "பேய் ஒண்ணுமே பண்ணல"ன்னு எழுதியிருக்கேன், அந்த பக்கத்த கிழிக்காம வெச்சிருக்கேன். ரோட்ல அடிபட்டு கெடக்கற பவானிய வயலின் வாசிக்கற சித்தார்த் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போறான், அவ செத்துடறா, அவன் வீட்டுக்கே வந்துடறா. வந்தவ பழிவாங்கல, அவன பாத்துக்கறா. அவள மோதினது யாருன்னு தேடி தேடி போய் கடைசில அது தானே தான்னு அவனுக்கு தெரிய வருது. அவளுக்கு அது முன்னாடியே தெரியும். ஒரு வாரம் கழிச்சு ஸ்டார் போட உக்காந்தப்போ எனக்கு ஞாபகம் வந்தது அந்த பேயே இல்ல, அவ அப்பாவா வர்ற ராதாரவி. பொண்ண எரிக்கவோ புதைக்கவோ மனசு வராம ஐஸ்ல வெச்சிருக்கற மனுஷன்.

எங்க அம்மாச்சி தவறினப்புறம் ஒரு மாசத்துக்கும் மேல அவங்க ரூம் கதவ நாங்க யாரும் திறக்கல. பயத்துல இல்ல. திறந்தா உள்ள இருக்கற அவங்க வாசனை வெளிய போயிடும்னு அம்மா சொன்னாங்க. இத நான் அந்த நோட்டுல எழுதினப்போ தான் எனக்கே புரிஞ்சுது, செத்தவங்க திரும்பி வர்றதுங்கறது நமக்கு பயம் மட்டும் இல்ல, பாதி ஆசையும் தான். இந்த படம் அந்த பாதிய எடுத்துக்கிச்சு. அஞ்சு போட்டேன். 97 படத்துல அஞ்சுக்கு அஞ்சு வாங்கினது மொத்தமே நாலு தான்.

ரெண்டு வரிசையையும் கூட்டிப் பாத்தேன். ஒரு வாரத்துல ஒரு ஸ்டாருக்கு மேல ஏறினது 23 படம், ஒரு ஸ்டாருக்கு மேல இறங்கினது 31. பாதிக்கு மேல நான் அன்னிக்கு போட்டது தப்பு. படம் ரிலீஸ் ஆன அன்னிக்கே, சில சமயம் இன்டர்வெல்லயே, பேய்ப் படத்துக்கு மார்க் வந்துடுது, அத நம்பி எத்தனையோ பேர் போகாம விட்டுடறாங்க. மத்த வகைப் படத்துக்கு இது எந்த அளவுக்கு பொருந்தும்னு தெரியல, ஹாரருக்கு கண்டிப்பா பொருந்தும், ஏன்னா இதோட வேலை தியேட்டர விட்டு வெளிய வந்தப்புறம், லைட்ட அணைச்சப்புறம் தான் ஆரம்பிக்குது. அடுத்த வருஷம் சேலஞ்ச் எடுக்கறவங்க ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க. அன்னிக்கு ராத்திரி எழுதுங்க, எவ்ளோ வேணும்னாலும் எழுதுங்க, அந்த சூடு அப்புறம் வராது. நம்பர மட்டும் ஏழு நாள் கழிச்சு போடுங்க.

இன்னும் ஏழு படம் பாக்கி. கடைசி, 104வது, 'நாஸ்ஃபெராட்டு', 1922. டிராகுலா கதைய அனுமதி வாங்காம எடுத்துட்டாங்கன்னு அத எழுதின பிராம் ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட்டு, எல்லா பிரதியையும் அழிக்கச் சொல்லி கோர்ட்டே உத்தரவு போட்ட படம். எங்கெங்கயோ தப்பிச்ச பிரதிங்கள வெச்சு தான் நாம இன்னிக்கு பாக்கறோம். டிசம்பர் 31 ராத்திரி பாத்துட்டு ஒரு பக்கம் எழுதுவேன். ஸ்டார் ஜனவரி 7 அன்னிக்கு.