கேபிளை கட் பண்ணலாமா, பெரியப்பா?

(வரவேற்பறை. டிவி அணைந்து கிடக்கிறது. முப்பது வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பெரியப்பா, மடியில் பேரேடு, காதில் பென்சில், கையில் கட்டிங் பிளையர் சகிதம் உட்கார்ந்திருக்கிறார். நெட்வொர்க் வேலை பார்க்கும் கயல் உள்ளே வருகிறாள்.)

கயல்: என்ன பெரியப்பா, அவசரமா வரச் சொன்னீங்க? அது என்ன கையில ஆயுதம்?

பெரியப்பா: கேபிளை கட் பண்றோம்மா. இனிமே இந்த வீட்ல ஓடிடி மட்டும்தான். தீர்மானம் நிறைவேறியாச்சு.

கயல்: கட் பண்றதுங்கிறது பேச்சுக்குச் சொல்றது. ஆபீசுக்குப் போன் பண்ணி இணைப்பை நிறுத்தச் சொல்லணும், பாக்ஸைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கணும், அவ்வளவுதான். ரசீது இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு பாக்ஸ் எங்கேன்னு கேட்டு பில் வரும். மத்தபடி ஒயர்ல கை வைக்கவே வேண்டாம்.

பெரியப்பா: (பிளையரை மெத்தைக்கு அடியில் தள்ளியபடி) கை வைக்கவே வேண்டாமா?

கயல்: வேண்டாம். ஏன்?

பெரியப்பா: சும்மா ஒரு தகவலுக்குக் கேட்டேன். இந்தக் கணக்கைப் பாரு. பாக்கேஜ்ல மொத்தம் 240 சேனல். ஒரு வாரம் யார் எதைப் பாக்குறாங்கன்னு தேதி போட்டு எழுதினேன். பாக்குறது ஏழே ஏழு. மிச்சம் 233 சேனலுக்கு நான் எதுக்கு மாசாமாசம் அழணும்?

கயல்: பரவாயில்லையே! இதைச் செய்யாமதான் முக்கால்வாசிப் பேர் மாறிட்டு முழிக்கிறாங்க. சரி, அந்த ஏழுல எது எது ஓடிடியில கிடைக்குது?

பெரியப்பா: நாலு. ரெண்டு சினிமா, ஒண்ணு பழைய பாட்டு, ஒண்ணு மிருகம் மிருகத்தைத் துரத்துறது.

கயல்: கிடைக்காத மூணு?

பெரியப்பா: உள்ளூர்ச் செய்தி, மேட்ச், உங்க பெரியம்மாவோட எட்டு மணித் தொடர்.

கயல்: வீட்ல சண்டை வர்ற மூணும் அந்தப் பக்கம். சண்டை வராத நாலும் இந்தப் பக்கம்.

பெரியப்பா: மூணை விட நாலு பெரிசும்மா.

கயல்: பெரியம்மா கிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க. செய்திக்கு வழி இருக்கு, நிறையச் சேனல் யூடியூப்ல நேரலையாவே போடுது. தொடருக்கு அந்தச் சேனலோட சொந்த ஆப்ல தேடணும். சிலதுல மறுநாள்தான் வரும். மேட்ச்தான் வம்பு. ஒளிபரப்பு உரிமையை ஏலத்துல எடுக்கிறாங்க. இந்த சீசன் ஒருத்தர் கையில, அடுத்த சீசன் வேற ஒருத்தர் கையில. மேட்சுக்காகவே வருஷச் சந்தா கட்டி, பாதியில உரிமை கைமாறிட்டா அதே காசுக்கு சமையல் நிகழ்ச்சி பாக்கலாம்.

பெரியப்பா: வருஷச் சந்தாவா? அது லாபம்னு நாலு ஆப்புக்கு ஒரேயடியா எடுத்துடலாம்னு இருந்தேனே!

கயல்: கெடுத்தீங்க. கேபிளை விட ஓடிடிக்கு இருக்கிற ஒரே பெரிய பலமே, நினைச்ச நேரத்துல விடலாம், நினைச்ச நேரத்துல பிடிக்கலாம்ங்கிறது. அதை நீங்களே முன்பணமா கட்டிக் கையைக் கட்டிக்கிறீங்க. நாலும் எடுத்தா கேபிள் பில்லைத் தாண்டிடும். மாசத்துக்கு ஒண்ணு எடுங்க, பாக்க வேண்டியதைப் பாருங்க, நிறுத்துங்க, அடுத்த மாசம் அடுத்தது.

பெரியப்பா: நிறுத்த மறந்துட்டா?

கயல்: சேர்ற அன்னிக்கே ரத்து பண்ணிடுங்க. பணம் கட்டின சந்தா பெரும்பாலும் அந்த மாசக் கடைசி வரைக்கும் ஓடும், தானா புதுப்பிக்காது. ஆனா இலவசச் சோதனைக் காலத்துல இந்த வித்தை எல்லா இடத்துலயும் பலிக்காது. சிலது ரத்து பண்ணின நிமிஷமே கதவைச் சாத்திடும்.

(பெரியப்பாவின் கைபேசி முனகுகிறது.)

பெரியப்பா: பாரு, காலைல இருந்து இதே ரோதனை. இன்னிக்கு டேட்டாவுல தொண்ணூறு சதவீதம் தீர்ந்துடுச்சாம். வீட்டை விட்டு எங்கேயும் போகலை, எப்படித் தீரும்?

கயல்: அதை அப்புறம் பாக்கலாம். டேட்டான்னதும் ஞாபகம் வருது. வீட்டு நெட் பிளான்ல மாச வரம்பு எவ்வளவு?

பெரியப்பா: வரம்பே கிடையாது. கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.

கயல்: பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி இருக்குமே?

பெரியப்பா: (கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி) ...இருக்கு. அடியில எறும்பு மாதிரி ஏதோ ஊருது. "500 ஜிபிக்கு மேல் வேகம் குறைக்கப்படும்."

கயல்: பென்சிலை எடுங்க. 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேணும். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி.

பெரியப்பா: 54,000.

கயல்: மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். எட்டால வகுங்க.

பெரியப்பா: 6,750. ஆக ஆறே முக்கால் ஜிபி. நாளைக்கு நாலு மணி நேரம்னா 27. முப்பது நாளைக்கு 810! அடப்பாவி, பதினெட்டு நாள்ல பிளான் காலியாகி, பத்தொன்பதாம் நாளே நொண்டியடிக்கும்!

கயல்: அதையே 1080 எச்டியில வச்சா 5 மெகாபிட் போதும். மூணுல ஒரு பங்கு.

பெரியப்பா: 270 ஜிபி. தாங்கும். ஆனா ஒரு டிவிக்குத்தான். உன் தம்பி அவன் ரூம்ல தனியா ஒண்ணு பாத்தான்னா 540. திரும்பவும் நாப்பது துண்டு விழுது.

கயல்: அதனால ஒவ்வொரு ஆப்லயும் அமைப்புக்குள்ள போய், 'டேட்டா பயன்பாடு'ங்கிறதைத் தானியங்கியில இருந்து நடுத்தரத்துக்கு மாத்துங்க. அடுத்த பகுதி தானா ஓடுறதையும் அணைச்சுடுங்க. நீங்க சோபாவுல குறட்டை விடும்போது அது பாட்டுக்கு மூணு பகுதி ஓட்டி ஏழு ஜிபியைத் தின்னுடும்.

பெரியப்பா: கேபிள்ல நான் தூங்கினா எனக்குத்தான் நஷ்டம். இதுல தூங்கினா பில்லுக்கும் நஷ்டமா!

கயல்: இது தெரியாம நெட்டைக் குறை சொல்றவங்க நிறையப் பேர். அடுத்தது வேகம். உங்களுக்கு எவ்வளவு?

பெரியப்பா: அம்பது எம்பி. நேத்து ஒரு ஃபைல் இறக்கினேன், ஆறு எம்பிதான் காட்டுச்சு. எட்டுல ஏழு பங்கை எவனோ திருடுறான்னு சண்டைக்குப் போக இருந்தேன்.

கயல்: போயிடாதீங்க. அவங்க விக்கிறது மெகாபிட், உங்க கம்ப்யூட்டர் காட்டுறது மெகாபைட். அதே எட்டு. அம்பதை எட்டால வகுத்தா ஆறே கால். ஒருத்தரும் திருடலை.

பெரியப்பா: (அடித்து எழுதுகிறார்) புகார்க் கடிதம் ரத்து.

கயல்: ஒரு 4கேக்கு 15, ரெண்டு எச்டிக்கு பத்து, யாராவது வீடியோ கால் பேசினா இன்னும் கொஞ்சம். அம்பது தாராளம். ஆனா அது ரௌட்டர் வாசல் வரைக்கும் வர்ற கணக்கு. டிவிக்கு வந்து சேர்றது வேற. ரௌட்டர் எங்க இருக்கு?

பெரியப்பா: படுக்கையறையில பீரோவுக்குப் பின்னாடி. லைட்டு மினுக்கு மினுக்குனு கண்ணைக் குத்துதாம், உங்க பெரியம்மா உத்தரவு.

கயல்: இரும்பு பீரோவா?

பெரியப்பா: அந்தக் காலத்து இரும்பு. நாலு பேர் சேர்ந்தாத்தான் நகரும்.

கயல்: வைஃபைக்கு அதை விடப் பெரிய எமன் கிடையாது. இரும்பு அலையைத் திருப்பி அடிச்சுடும். ரௌட்டர் வெளியில, திறந்த இடத்துல, இடுப்பு உயரத்துக்கு மேல இருக்கணும். அப்புறம் அதுல ரெண்டு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனா வேகம் குறைச்சல், மைக்ரோவேவ் அடுப்பு ஓடினா தடுமாறும். அடுப்புக்கும் இதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ரெண்டு சுவருக்கு மேல மூச்சு வாங்கும்.

பெரியப்பா: ஒண்ணு நான், ஒண்ணு உன் தம்பி.

கயல்: என் கட்சி ரெண்டும் இல்லை. ஈதர்நெட் ஒயர். கேட்5இ எழுதின ஒயரை ரௌட்டர்ல இருந்து டிவிக்கு இழுத்துடுங்க. நூறு மீட்டர் வரைக்கும் பிரச்சினை இல்லை. டிவியில இருக்கிற துளை பல மாடல்ல 100 மெகாபிட்தான், ஆனா நமக்கு 15 தானே வேணும்.

பெரியப்பா: ஒரு ஒயரை வேண்டாம்னு சொல்ல இன்னொரு ஒயரா!

கயல்: டிவிக்கு என்ன வயசு?

பெரியப்பா: ஒன்பது. ஸ்மார்ட் டிவிதான். ஆனா போன வருஷத்துல இருந்து ஆப் ஒவ்வொண்ணா 'இந்தச் சாதனத்தில் இயங்காது'ங்குது. ஆள் திடமாத்தான் இருக்கு, யாரும் மதிக்க மாட்டேங்கிறாங்க.

கயல்: டிவியை மாத்தாதீங்க. எச்டிஎம்ஐ துளையில ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சொருகினா போதும், ஆப்பையெல்லாம் டிவிக்குப் பதிலா அது ஓட்டும். அதோட கரன்ட்டை டிவியோட யூஎஸ்பியில எடுக்காம, கூட வர்ற அடாப்டர்ல சுவர் பிளக்ல இருந்து எடுங்க. பழைய டிவி யூஎஸ்பி அரை ஆம்பியர்தான் கொடுக்கும், நிறைய ஸ்டிக் ஒரு ஆம்பியர் கேக்கும். படம் முக்கியமான கட்டத்துக்கு வரும்போது அது அணைஞ்சு அணைஞ்சு எரியும். ஸ்டிக் கெட்டுடுச்சுன்னு தூக்கிப் போட்டவங்க உண்டு.

பெரியப்பா: சாப்பாடு போடாம வேலை வாங்கின கதை. அதுல 4கே வருமா?

கயல்: டிவியும் 4கேயா இருக்கணும், துளை எச்டிசிபி 2.2ங்கிற நகல் தடுப்புப் பூட்டு தெரிஞ்ச துளையா இருக்கணும். சில டிவியில நாலு துளை இருந்தா ஒண்ணோ ரெண்டோதான் அப்படி. தப்பான துளையில சொருகினா படம் வரும், ஆனா 4கே வராது. டிவி மெனுவுல எச்டிஎம்ஐ-சிஇசி ஆன் பண்ணுங்க, ஒரே ரிமோட்ல ரெண்டும் ஓடும். அதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு செல்லப் பேர் வச்சிருக்கும், தேடிப் பிடிக்கணும்.

பெரியப்பா: ரிமோட்ல எண் பட்டன் இருக்குமா?

கயல்: இருக்காது.

பெரியப்பா: உங்க பெரியம்மா இருட்டுல, ரிமோட்டைப் பாக்காம 1-1-7 அழுத்துவா. இனிமே அம்புக்குறியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாத் தேடணும்னா...

கயல்: மைக் பட்டன் இருக்கு, வாயால சொல்லலாம்.

பெரியப்பா: டிவியையும் அதட்டணுமா? நான் ஒருத்தன் போதாதா அவளுக்கு?

கயல்: மேட்ச் விஷயத்துல இன்னொண்ணு. நேரலைன்னு பேர், ஆனா ஓடிடியில அரை நிமிஷம் பிந்தி வரும். வீடியோவை ஆறாறு நொடித் துண்டா நறுக்கி அனுப்புறது பொதுவான வழக்கம். ஆப் மூணு துண்டு கையில சேர்ந்தப்புறம்தான் ஓட்டும். அதுவே 18 நொடி. சுருக்குற நேரம், வர்ற நேரம் எல்லாம் தனி. சில சேவைகள் துண்டைச் சின்னதாக்கித் தாமதத்தைக் குறைச்சிருக்கு, இருந்தாலும் பெரும்பாலும் கேபிள்தான் முந்தும்.

பெரியப்பா: அப்போ கேபிள் வச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் கத்தினதுக்கு அப்புறம்தான் எனக்கு கோல் விழும்?

கயல்: ஆமா. ஜன்னலைச் சாத்திட்டுப் பாக்கணும். போனையும் அணைச்சுடணும், ஸ்கோர் ஆப் முந்திக்கும்.

பெரியப்பா: (நோட்டை மூடி) சரிம்மா. உன் தீர்ப்பு என்ன?

கயல்: ஒரு மாசம் ரெண்டையும் வச்சுக்கோங்க. கேபிளைச் சின்ன பாக்கேஜுக்கு இறக்கி, ஒரே ஒரு ஓடிடி மட்டும் எடுத்துப் பாருங்க. பெரியம்மா தொடர் ஆப்ல சரியா வருதுன்னு தெரிஞ்சதும் கேபிளை நிறுத்தலாம். ஆனா ஒண்ணு கவனிக்கணும். நெட்டும் கேபிளும் ஒரே கம்பெனின்னா, கேபிளை நிறுத்தினதும் சேர்த்து எடுத்ததுக்கான தள்ளுபடி போய் நெட் பில் ஏறலாம். அதைக் கேட்டுட்டுத்தான் சேமிப்பைக் கணக்கு போடணும். உங்க நெட் எதுல வருது?

பெரியப்பா: தெரியலையே. சுவர்ல ஒரு டப்பா இருக்கு, அதுல இருந்து வருது.

கயல்: முதல்ல வேகத்தைப் பாத்துடலாம். டிவி பக்கத்துல நின்னு ஃபாஸ்ட் டாட் காம் திறங்க, நெட்ஃபிளிக்ஸ் நடத்துற தளம், அவங்க சர்வர்ல இருந்தே வர்ற வேகத்தைக் காட்டும். மொபைல் டேட்டாவை அணைச்சுட்டு வைஃபையில மட்டும்.

பெரியப்பா: ...அணைச்சுட்டேன். சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. 'இணைய இணைப்பு இல்லை'ங்குது.

கயல்: (படுக்கையறைக்குள் போய்க் குரல் கொடுக்கிறாள்) பெரியப்பா, மோடத்துல சிவப்பு லைட் எரியுது! இது கேபிள் மோடம், டிவி கேபிள் ஒயர்லயே நெட்டையும் இழுத்துக் கொடுக்கிற பெட்டி. ஜன்னல் வழியா வர்ற கறுப்பு ஒயர்தான் அந்த டப்பாவுல ரெண்டாப் பிரியுது, ஒண்ணு டிவி பாக்ஸுக்கு, ஒண்ணு மோடத்துக்கு. (நிறுத்தி) ஒயர்ல இது என்ன பிளாஸ்திரி?

பெரியப்பா: அது... இன்சுலேஷன் டேப்.

கயல்: எப்போ?

பெரியப்பா: காலைல. 'கட் பண்ணு, கட் பண்ணு'ன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்க பெரியம்மா டிவி ஓடலைன்னு சத்தம் போட்டதும் திரும்ப முறுக்கி ஒட்டிட்டேன். உள்ள ஒரு செம்புக் கம்பி, மேல வலை மாதிரி ஒண்ணு. ஒண்ணையும் விடலை, எல்லாத்தையும் சேர்த்து நல்லா இறுக்கி முறுக்கினேன்.

கயல்: அங்கதான் கெட்டுது! நடுக் கம்பியும் மேல் வலையும் தொட்டாலே ஷார்ட், சிக்னல் மேல போகாது. தனித்தனியா முறுக்கியிருந்தாலும் சரியா வராது, சிக்னல் கசியும், வெளி இரைச்சல் உள்ள நுழையும். இது ஆர்ஜி-6 ஒயர். நீங்க முறுக்கின துண்டை வெட்டி எறிஞ்சுட்டு, ரெண்டு முனையிலயும் கம்பியை ஆறு மில்லிமீட்டர் நீட்டி விட்டு, அடுத்த ஆறு மில்லிமீட்டருக்கு வலையைப் பின்னால மடிச்சு, எஃப் கனெக்டர் போட்டு அழுத்தணும். நடுவுல ஒரு ஜாய்னர். ரெண்டு கனெக்டர், ஒரு ஜாய்னர், பத்து நிமிஷ வேலை.

பெரியப்பா: உன் கிட்ட இருக்கா?

கயல்: இல்லை. கேபிள்காரர் கிட்ட இருக்கும்.

பெரியப்பா: அவருக்கு இன்னிக்கு நிறுத்தச் சொல்லித்தான் போன் பண்ண இருந்தேன்.

கயல்: இப்போ ஒட்டச் சொல்லிப் பண்ணுங்க. மொபைல் டேட்டா ஏன் தீர்ந்துதுன்னும் இப்போ புரியுதா?

பெரியப்பா: புரியுது, புரியுது. மணி என்ன?

கயல்: ஏழு அம்பது.

(உள்ளிருந்து செருப்புச் சத்தம் வரவேற்பறையை நோக்கி வருகிறது.)

பெரியப்பா: கயலு, அந்த மெத்தைக்கு அடியில ஒண்ணு இருக்கு. அதை உன் பைக்குள்ள போட்டுக்கோம்மா.