ஒரு வீடியோவோடு இழப்பீடு போய்விடாது

"வேலையில் காயம்பட்ட தொழிலாளி காய்கறிப் பை தூக்கும் வீடியோ போதும், இழப்பீடு கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இதை நம்பி யாரும் மனுவைக் கைவிட்டுவிடக் கூடாது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே கணக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதுதான். முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த தச்சருக்கு வலது கை இருந்தது. ஆனாலும் இனி தச்சு வேலை பார்க்க முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்றே 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரண்டு கிலோ பையைத் தெருமுனை வரை தூக்குவதும் எட்டு மணி நேரம் மூட்டை சுமப்பதும் ஒன்றா? ராத்திரி காயம்பட்டவர் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தது கேமராவில் வராது.

வீடியோ வாட்ஸ்அப் நகலென்றால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் (மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ்) வேண்டும். ஒன்று மட்டும் உண்மை: கையைத் தூக்கவே முடியாது என்று காயம்பட்டவர் சாட்சி சொல்லிவிட்டு வீடியோவில் தூக்கினால், அவர் பேச்சு எடுபடாது.