அந்த அலையை எடுத்துவிடுங்க, தம்பி

போன கிழமை மட்டக்களப்பில் ஒரு குறும்படம் பார்த்தேன். எடுத்தவர்கள் எங்கட பெடியன்கள். நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு இடம்தான் இத்தனை நாளும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

சுனாமியில் தாயைப் பறிகொடுத்தவன் கதைநாயகன். இளந்தாரியாகி, ஒருநாள் குழாயடியில் நிற்கும்போது பழசெல்லாம் திரும்பி வருகிறது. முகம் குளோசப்பில், திரை மங்குகிறது, வயலின் எழும்புகிறது. பிறகு கறுப்பு வெள்ளையில், வானத்திலிருந்து பார்த்த மாதிரி ஒரு பேரலை, ஸ்லோமோஷனில்.

அந்தப் பிள்ளை எப்போது வானத்திலிருந்து பார்த்தான்?

2004 டிசம்பர் 26 காலையில் மட்டக்களப்பு நாவலடியில் நின்ற ஒரு ஆறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். அந்தப் பிள்ளையின் கண் பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கும். அதற்குத் தெரிந்தது அம்மாவின் சட்டை விளிம்பு, யாரோ இழுத்த கை, கறுத்த தண்ணி. அலையின் முழு உருவத்தை நாங்கள் பிறகு டிவியில் பார்த்தோம். டிவியின் நினைவை அந்தப் பிள்ளையின் நினைவு என்று வெட்டி ஒட்டக் கூடாது.

என்ட மச்சாள் ஒருத்தி அப்படித் தப்பினவள். இப்போது அவளுக்கே ஒரு கைக்குழந்தை. ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தாங்கி நிரம்பி, தண்ணி தகரத்தில் கொட்டத் தொடங்கியது. அவளின் கை நின்றது. அவ்வளவுதான் நான் கண்டது. திரும்பிப் பார்க்கிறேன், நிலத்தில் தவழ்ந்த பிள்ளை மேசைக்கு மேல் இருக்கிறது, அவள் அதைப் பிடித்தபடி நிற்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நிலம் குளிருது மச்சான்" என்றாள். அன்று நல்ல வெயில்.

எடிட்டிங் என்றால் எனக்கு அதுதான். நின்ற கை, நிற்காத தண்ணிச் சத்தம், ஒரே கட், மேசையில் பிள்ளை. நடுவில் அவள் எழும்பியது, தூக்கியது எதுவும் வேண்டாம். அவளுக்கே அந்த நடுப்பகுதி இல்லையே.

இதைப் பெரியவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். சிட்னி லூமெட்டின் 'த பான்புரோக்கர்' (1964) படத்தின் எடிட்டர் ரால்ஃப் ரோசன்ப்ளம். தெருவில் நாய் குரைக்கிறது, வேலியோரம் ஒருவன் அடிவாங்குகிறான். கடந்துபோகும் கிழவர் நாஜி வதைமுகாமில் இருந்து தப்பினவர்; அவருக்குள் அந்த முகாமின் வேலி சில பிரேம்கள் மட்டும் வந்து மறைகிறது. ஒரு செக்கனுக்கு 24 பிரேம் ஓடும்போது அது கண்சிமிட்டும் நேரம்தான். என்ன கண்டோம் என்று எங்களுக்கும் பிடிபடாது. அவர் தள்ளத் தள்ள அது திரும்பத் திரும்ப வரும், நீளும். அவர் பட்டது வளர்ந்த வயதில்; ஆனால் நினைவு கதவு தட்டாமல் வரும் விதம் ஒன்றுதான்.

பிள்ளைப் பருவத்துக் காயம் என்றால் செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968). ஒரு மங்கல் உருவம் நடந்து வருகிறது, யாரென்று தெரியாது. படம் முழுக்க எங்களைக் காக்க வைத்துவிட்டு, கடைசி மோதலில்தான் எல்லாம் தெளிகிறது: வாயில் மவுத் ஆர்கன் திணிக்கப்பட்ட பையன், அவன் தோளில் கழுத்துக் கயிறோடு அண்ணன். அதுவரை அந்தக் கருவியின் ஓசை மட்டும் வந்துகொண்டே இருந்தது. சத்தம் முன்னால், படம் எவ்வளவோ பின்னால்.

அன்று குறும்படம் முடிந்ததும் அதன் எடிட்டர் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அலையைக் காட்டாட்டி சனத்துக்கு விளங்குமா அண்ணன்?" என்று கேட்டார். மட்டக்களப்புச் சனத்துக்கா, தம்பி? அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு யாரையோ தேடித் திரிந்தவர்கள்! அலை வந்த நேரம் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தலையைக் குனிந்துவிட்டார். குழாய்ச் சத்தம் கேட்ட வரைக்கும் அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அலையையும் வயலினையும் எடுத்துவிடுங்க. குழாய்ச் சத்தத்தை மட்டும் விட்டு, அவன்ட கையில் கொஞ்ச நேரம் நில்லுங்க. பிறகு நேரே அடுத்த காட்சிக்கு வெட்டிப் போட்டுப் பாருங்க. எந்த நாள் என்று சொல்லுங்க, நான் வந்து பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்.