அடுத்த பார்லோ கேமில் நம் கைக்கு என்ன வேலை?

(சாம் பார்லோவின் இம்மார்ட்டாலிட்டி கேமை இன்னும் ஆடாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே அதன் முக்கியமான ரகசியம் உடைபடுகிறது.)

பார்லோவின் ஸ்டுடியோவான ஹாஃப் மெர்மெய்டின் அடுத்த கேம் பற்றி யூகிக்கிற எல்லாரும் கதையைத்தான் யூகிக்கிறார்கள். கொலையா, பேயா, திகில் பட இயக்குநர் பிராண்டன் குரோனன்பெர்க் கூட்டுச் சேர்ந்திருப்பதால் உடம்பு பிய்ந்து தொங்குமா, இப்படி. எனக்கு இது வெட்டிவேலையாகத் தெரிகிறது. சாம் பார்லோவின் கதை என்னவாக இருக்கும் என்று வெளியிலிருந்து பிடிக்க வழியே இல்லை. ஆனால் அவர் நம் கைக்கு என்ன வேலை கொடுப்பார், எதைச் செய்யவிடாமல் தடுப்பார் என்பதை ஓரளவு கணக்குப் போடலாம். ஏனென்றால் 1999 முதல் அந்த மனிதர் ஒரே கோட்டைத்தான் இழுத்துக்கொண்டு வருகிறார்.

1999-இல் அவர் எழுதிய ஐல் என்ற எழுத்துச் சாகச கேமில் ஒரே ஒரு கட்டளைதான் தட்டலாம். சூப்பர் மார்க்கெட்டில் ஒருவன் நிற்கிறான். நீங்கள் ஒரு செயலைச் சொல்கிறீர்கள், அது நடக்கிறது, கதை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து வேறு செயல். நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள். ஒன்றோடொன்று முரண்படும் அந்த முடிவுகளை அடுக்கிப் பார்க்கும்போதுதான் அவன் யார் என்பது நம் தலைக்குள் உருவாகிறது. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இதில் இருக்கிறது. கதை துண்டுதுண்டாகக் கிடக்கும், கோப்பது ஆடுகிறவர் பொறுப்பு, கையில் இருக்கும் கருவியோ வேண்டுமென்றே குறுக்கப்பட்டது.

கிளைமாக்ஸ் ஸ்டுடியோஸில் இருந்தபோது 2009-இல் செய்த சைலன்ட் ஹில்: ஷாட்டர்ட் மெமரிஸை ரசிகர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. என் பார்வையில் அடுத்த கேமுக்கான பெரிய துப்பு அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் கழித்து அங்கே வருகிறேன்.

2015-இல் ஹெர் ஸ்டோரி. 1994-இல் எடுத்த ஏழு போலீஸ் விசாரணைகள், 271 கிளிப்கள், ஒரு பழைய கணினித் திரை, ஒரு தேடல் பெட்டி. நடிகை பேசிய வசனத்தில் நீங்கள் தட்டிய சொல் எங்கெல்லாம் வருகிறதோ அந்தக் கிளிப்கள் கிடைக்கும். ஆனால் தேதி வரிசையில் முதல் ஐந்தைத்தான் திறக்கலாம். இந்த ஐந்து என்ற எண்தான் அந்தக் கேமின் இதயம். ஒரு சொல் நாற்பது கிளிப்பில் வருகிறது என்று வையுங்கள். எண்ணிக்கை காட்டும், ஆனால் பின்னாலுள்ள 35 கிளிப் உங்களுக்கு இல்லை. ஆக, எல்லாரும் முதலில் தட்டும் பொதுச் சொற்கள் உங்களை ஆரம்ப விசாரணைகளிலேயே நிறுத்தி வைக்கும். கடைசி விசாரணைக்குள் நுழைய வேண்டுமென்றால் அங்கே மட்டும் வரக்கூடிய அபூர்வமான சொல் வேண்டும். அந்தச் சொல்லை யூகிக்க முந்தைய கிளிப்களைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, அத்தியாயமும் இல்லை, ஆனாலும் முடிவு தானாகவே பின்னால் தள்ளப்படுகிறது. ஒரே ஒரு எண்ணை வைத்து இவ்வளவும்.

இந்த வகைக் கேம்களில் இவர் ஏன் கிளைக்கதை பக்கம், அதாவது ஆடுபவரின் தேர்வுக்கேற்பப் பிரியும் கதை பக்கம், போவதில்லை என்பதும் இங்கேயே புரிந்துவிடும். ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு வழி வைத்து எங்கேயும் திரும்ப இணைக்காவிட்டால், பத்து முடிச்சில் 1,024 முடிவுகள். நிஜ நடிகர்களை வைத்துப் படம்பிடிக்கும் கேமில் இது தற்கொலை முயற்சி. எடுத்ததில் பெரும்பகுதியை ஒரு ஆட்டத்தில் யாரும் பார்க்கவே மாட்டார்கள். கோப்புக் கிடங்கு மாதிரி அடுக்கிவிட்டால் ஒரு காட்சியை ஒருமுறை எடுத்தால் போதும், எல்லாம் எல்லாருக்கும் எட்டக்கூடியதாகவே கிடக்கும். வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே 'அடுத்தது முடிவெடுக்கும் கேம், பத்து கிளைமாக்ஸ்' என்று எழுதுகிறவர்கள் முதலில் படப்பிடிப்பு நாட்களை எண்ணிப் பார்க்கட்டும்.

2019-இல் டெல்லிங் லைஸ். தேடல் அப்படியே இருந்தது, ஒரு திருகல் கூடியது: கிளிப் தொடக்கத்திலிருந்து ஓடாது. தேடிய சொல் உச்சரிக்கப்படும் இடத்தில் உங்களைக் கொண்டுபோய் இறக்கிவிடும். முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் கையால் பின்னோக்கி இழுக்க வேண்டும். போதாததற்கு வீடியோ அழைப்பின் ஒரு பக்கம்தான் ஒரு கிளிப்பில் இருக்கும். எதிர்ப்பக்கம் என்ன கேட்டிருப்பார் என்று ஊகித்து, அந்தச் சொல்லைத் தட்டி, மறுபாதியைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டாவது யோசனை அருமை. முதலாவது சொதப்பல். காட்சிகள் பல நிமிடம் ஓடுபவை, அதில் ஆள் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் மௌனமே பாதி. அதைப் பின்னோக்கி இழுப்பது வெறும் காத்திருப்பு. தடை இருந்தது, தடைக்குப் பரிசு இல்லை.

2022-இல் இம்மார்ட்டாலிட்டி வந்தபோது நடந்ததைக் கவனியுங்கள். தேடல் பெட்டியே போய்விட்டது. பிரேமை நிறுத்தி ஒரு முகத்தையோ கோப்பையையோ விளக்கையோ தொட்டால் அது போன்ற இன்னொன்று இருக்கும் வேறு காட்சிக்குத் தாவுகிறீர்கள். 1968, 1970, 1999 என்று மூன்று வெளிவராத படங்களின் துண்டுகளுக்குள் இப்படியே அலைய வேண்டும். எங்கே போய் விழுவீர்கள் என்பது உங்கள் கையில் முழுதாக இல்லை. இதைவிட முக்கியம், போன கேமில் எல்லாரும் அலுத்துக்கொண்ட அந்தப் பின்னோக்கி இழுக்கும் வேலைதான் இங்கே கதவு. சரியான இடத்தில் ரீவைண்ட் செய்தால் காட்சிக்கு அடியில் இன்னொரு காட்சி இருக்கிறது. கன்ட்ரோலர் கையில் இருந்தால் அதிர்வு காட்டிக் கொடுக்கும், ஸ்டிக்கைத் தள்ளும் அளவுக்கேற்ப வேகமும் மாறும். கன்ட்ரோலர் இல்லாமல் ஆடியவர்களில் பலர் பாதி நேரம் அது இருப்பதே தெரியாமல் சுற்றியதற்குக் காரணம் இதுதான்.

ஆக, முந்தைய கேமில் எது உறுத்தியதோ அது அடுத்ததில் மையத்துக்கு வருகிறது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இம்மார்ட்டாலிட்டியில் எது உறுத்தியது? என்னைக் கேட்டால், தாவல் எங்கே போய் விழும் என்பது தற்செயலாகத் தெரிவதுதான். ஒரே சிலுவையை நான்கு தரம் தொட்டால் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகிறோம். நாம் தேர்ந்தெடுக்கிறோமா, கேம் நமக்காகத் தேர்ந்தெடுக்கிறதா என்று குழம்புகிறது.

இங்கேதான் ஷாட்டர்ட் மெமரிஸ். அந்தக் கேமில் மனநல மருத்துவர் உங்களிடம் கேள்விகள் கேட்பார், படிவம் நிரப்பச் சொல்வார். அது கண்துடைப்பு இல்லை. உங்கள் பதில்களையும், நடக்கும்போது எதை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும் வைத்து மனிதர்களின் தோற்றம், இடங்கள், துரத்தும் உருவங்கள் எல்லாம் மாறும். கடைசியில் உங்களைப் பற்றி ஒரு அறிக்கையே வரும். அதாவது கேம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நிஜ நடிகர்களை வைத்து பார்லோ செய்த இந்த மூன்று கேம்களிலும் இது இல்லாததன் காரணம் எளிது. முப்பரிமாண உருவத்துக்கு உடை மாற்றலாம், எடுத்து முடித்த காட்சியை மாற்ற முடியாது. மூன்று குணங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை என்றாலே ஒரு காட்சியை எட்டு விதமாக எடுக்க வேண்டும். 40 காட்சி என்றால் 320. எந்தத் தயாரிப்பாளரும் பணம் தரமாட்டார்.

ஆனால் காட்சியை மாற்றாமல், எந்தக் காட்சியை அடுத்து நீட்டுவது என்பதை மட்டும் மாற்றலாமே. இம்மார்ட்டாலிட்டியின் தாவலில் ஏற்கெனவே அந்தத் தேர்வு கேமின் கையில்தான் இருக்கிறது. எந்த முகத்தில் நிறுத்துகிறீர்கள், எந்தக் காட்சியை மூன்று முறை பார்க்கிறீர்கள், எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டுகிறீர்கள் என்று எண்ணி வைத்துக்கொண்டு அதற்கேற்ப அடுத்த துண்டைக் கொடுத்தால் கூடுதலாக ஒரு அடி படம்கூட எடுக்க வேண்டாம். என் யூகம் இந்தப் பக்கம்தான்.

இனி, தடயம் என்ற பெயரில் சுற்றும் விஷயங்கள். முதலாவது பெயர் விளையாட்டு. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அடுத்த இரண்டு கேம்களுக்கு ப்ராஜெக்ட் சி, ப்ராஜெக்ட் டி என்று மட்டும் போட்டு மீதிப் பெயரை மறைத்துவிட்டார்கள், உடனே சி-யில் தொடங்கும் எல்லாச் சொல்லையும் அடுக்க ஆரம்பித்துவிட்டோம். இம்மார்ட்டாலிட்டியே முதலில் ப்ராஜெக்ட் அம்ப்ரோசியோ என்றுதான் வெளியே தெரிந்தது. அம்ப்ரோசியோ கேமின் தலைப்பு இல்லை, உள்ளே இருக்கும் மூன்று படங்களில் ஒன்றின் தலைப்பு. 1796-இல் வந்த ஒரு கோதிக் நாவலின் துறவி அம்ப்ரோசியோ. அதைப் பிடித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சூழல் கிடைத்திருக்கும், கேம் கிடைத்திருக்காது. எழுத்தைக் கொண்டு தலைப்பைத் தேடாதீர்கள்.

இரண்டாவது, ஸ்டீம் பக்கம். 100 டாலர் கட்டினால் யாரும் ஒரு கேமுக்கு இடம் வாங்கலாம். பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும், 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவெளியில் இருக்க வேண்டும். இவை கீழ் எல்லைகள் மட்டுமே. பக்கம் இருப்பது விஷ்லிஸ்ட் சேர்க்கத்தான், கேம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குறைந்தபட்ச ரேம், கிராபிக்ஸ் கார்டு வரிகளைப் பெரும்பாலும் இடம் நிரப்பத்தான் போடுகிறார்கள், அதை வைத்து எஞ்சின் கண்டுபிடிக்கிறேன் என்று உட்காராதீர்கள். பார்க்க வேண்டியது இரண்டே இடம். ஒன்று கன்ட்ரோலர் ஆதரவு. 'முழு ஆதரவு' என்றிருந்தால் கீபோர்டில் சொல் தட்டும் கேமாக இருக்க வாய்ப்புக் குறைவு. மற்றது மொழிப் பட்டியல். சொல் தேடலை மொழிபெயர்ப்பது பெரிய தலைவலி. நம் மொழியையே எடுங்கள்: 'கொலை' என்று தேடினால் 'கொன்றேன்' வராது, 'கொன்னுட்டான்' வரவே வராது. ஐந்து கிளிப் என்ற கணக்கும் ஒவ்வொரு மொழியிலும் குலையும், ஒன்றில் அபூர்வமான சொல் இன்னொன்றில் பொதுச் சொல்லாக இருக்கும். பட்டியலில் பத்துப் பன்னிரண்டு மொழி இருந்தால் கை வேலை சொல் இல்லை, படமோ நேரமோ வேறெதுவோ.

டிரேட்மார்க் விண்ணப்பத்தைப் பார்த்துத் துள்ளுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 'இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்' என்று சொல்லியே பெயரைப் பதியலாம். அனுமதிக் கடிதம் வந்தபின் ஆறு ஆறு மாதமாக நீட்டி 36 மாதம் வரை இழுக்கலாம். வகை எண் 9, 41 என்றிருக்கும். மென்பொருள், பொழுதுபோக்கு என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

இவை எல்லாவற்றையும்விட உருப்படியான ஒரே தடயம், கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அமெரிக்க அமைப்பான ஈ.எஸ்.ஆர்.பி தரும் தரச்சான்றின் விளக்கப் பத்தி. வயது வரம்பையும் ரத்தத்தையும் விட்டுவிட்டு முதல் வாக்கியத்தைப் படியுங்கள். 'இது ஒரு சாகச கேம், இதில் ஆடுபவர்' என்று தொடங்கி வினைச்சொல் வரும். சிக்கல் என்னவென்றால், டிஜிட்டலில் மட்டும் வரும் கேம்கள் பெரும்பாலும் கேள்விப்படிவம் வழியாகத் தானியங்கித் தரச்சான்று வாங்கிவிடும், அவற்றுக்கு இந்தப் பத்தியே இருக்காது. டிஸ்க் பதிப்பு வருமா என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

குரோனன்பெர்க் விஷயத்துக்கு வருவோம். 2024 ஜூனில் திகில் பட நிறுவனமான ப்ளம்ஹவுஸின் கேம் பிரிவு ப்ளம்ஹவுஸ் கேம்ஸ், குரோனன்பெர்க் சேர்ந்திருக்கும் ப்ராஜெக்ட் சியைத் தன் வரிசையில் அறிவித்தபோது எல்லாரும் அவருடைய படங்களைத் தூசு தட்டினார்கள். எனக்கு அந்த நிறுவனத்தின் பெயர்தான் முக்கியமாகப் பட்டது. கேமுக்கு ஒரு கோடி டாலருக்குக் கீழே என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன வரம்பு. பெரிய செட், நூறு நடிகர், உலகம் சுற்றும் படப்பிடிப்பு என்ற கனவுகள் அங்கேயே அடிபடுகின்றன. குரோனன்பெர்க்கின் பாஸெஸர் படத்தை நினைத்து 'அடுத்தவர் உடம்புக்குள் நுழையும் கேம்' என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சரி, நுழைந்தபின் எந்தப் பட்டனை அழுத்துவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

டெமோ பார்த்து நம்புவது தனிக் கதை. குவான்டிக் ட்ரீம் என்ற கேம் நிறுவனம் 2012-இல் காட்டிய காரா டெமோ 2018-இல் டெட்ராய்ட் என்ற கேம் ஆனது. அதே நிறுவனம் 2013-இல் காட்டிய டார்க் சார்சரர் டெமோ டெமோவாகவே நின்றது. ஃபயர்வாட்ச் செய்த காம்போ சான்டோ 2017-இல் இன் தி வேலி ஆஃப் காட்ஸை டிரெய்லரோடு அறிவித்தது, அடுத்த வருடம் ஸ்டீமை நடத்தும் வால்வ் அந்த நிறுவனத்தையே வாங்கியது, 2019-இல் கேம் கிடப்பில் போனது. டிரெய்லர் வந்தாலே கேம் வரும் என்றில்லை.

டிரெய்லர் வரும்போது நடிகர் முகத்தை விட்டுவிட்டுத் திரையின் ஓரங்களைப் பாருங்கள். கர்சர் இருக்கிறதா, அம்பா, கையா, வட்டமா? காலக்கோடு தெரிகிறதா, அதில் பின்னோக்கிப் போகும் அம்பு இருக்கிறதா? இரண்டுமே இல்லாமல் நடிகர் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு, நாம் ஏதாவது செய்வதற்காகக் காத்திருந்தால் ஷாட்டர்ட் மெமரிஸ் யூகத்தில் நான் ஜெயித்தேன். தேடல் பெட்டி மறுபடி வந்தால் தோற்றேன், இதே பதிவின் கீழே வந்து திட்டுங்கள். கமென்டில் யூகம் எழுதுகிறவர்கள் கதை வேண்டாம், ஒரு வினைச்சொல் மட்டும் போடுங்கள்.