முந்தின ராத்திரிக்கு ரூம் போடாதீங்க

பாலக்காடு மாவட்டத்து வாளையார், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து கொச்சி வொண்டர்லா தீம் பார்க்குக்குக் கிளம்புகிற குடும்பங்களில் பாதிப்பேர் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே போய் எறணாகுளத்தில் ரூம் எடுத்துத் தங்கி, காலையில் எழுந்து பார்க்குக்குப் போய், ராத்திரியே வீடு திரும்புவது. இதை அப்படியே தலைகீழாகப் போடச் சொல்கிறேன். காலையில் வீட்டிலிருந்து கிளம்புங்கள், ரூமை அன்று ராத்திரிக்கு எடுங்கள்.

ஒலவக்கோட்டிலிருந்து (பாலக்காடு ஜங்ஷன்) ஆலுவாவுக்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். பார்க் திறக்கவே பதினொரு மணி வாக்காகும், தண்ணீர் ரைடுகள் அதற்கும் பிறகுதான். விடியற்காலை வண்டியைப் பிடித்தால் ஆலுவாவில் பையை வைத்து, புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டே போய்ச் சேரலாம். அப்படியிருக்க முந்தின ராத்திரி ரூம் எதற்கு? ஆனால் பார்க் மூடும்போது நிலைமை வேறு. நாள் முழுக்கக் குளோரின் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்த பிள்ளைகளுக்குக் கண் சொருகும். பெரியவர்களுக்கும்தான், காரில் வந்திருந்தால் அதை ஓட்டப்போகிறவர் உட்பட. அந்த நிலையில் தேசிய நெடுஞ்சாலை 544-ல் கொரட்டி, முரிங்கூர் நெரிசலைத் தாண்டி, குதிரான் சுரங்கத்தையும் தாண்டி நள்ளிரவில் வந்து சேர வேண்டும். கட்டில் தேவைப்படுவது அப்போதுதான். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் டோலில் திரும்புகிற கட்டணம் பாதிதான், அதை ஏன் விடணும் என்று சிலர் கேட்பார்கள். பாம்பாம்பள்ளம், பன்னியங்கரை, பாலியேக்கரை மூன்று டோலையும் கூட்டினாலும் அந்த மிச்சத்துக்காகத் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டலாமா?

எந்த ஊரில் தங்குவது? பார்க் இருக்கிற பள்ளிக்கரை, காக்கநாட்டுக்கும் கிழக்கம்பலத்துக்கும் நடுவில். மெட்ரோ அங்கே போகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு எறணாகுளம் பக்கம் திரும்பினால் இன்ஃபோபார்க் ஐடி கம்பெனிகள் விடுகிற நேரத்தில் காக்கநாட்டில் மாட்டுவீர்கள். பூக்காட்டுப்படி வழியாக ஆலுவா வந்தால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம், அந்த வழியில் பஸ்ஸும் உண்டு. ஆலுவாவில் ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், மெட்ரோ எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சாதாரண லாட்ஜுகளும் அங்கேயே. போர்டில் லாட்ஜ் என்று இல்லாமல் ‘டூரிஸ்ட் ஹோம்’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். செயலியில் ‘வொண்டர்லா அருகில்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கத்தில் என்பது நேர்கோட்டுக் கணக்காக இருக்கும். மேப்பில் வாகன வழியைப் போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள்.

செக் அவுட் விஷயம்தான் முக்கியம். சில லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு, சிலதில் மதியம் 12 மணிக் கணக்கு. ராத்திரி எட்டு மணிக்கு ரூமுக்குள் போகிறீர்கள் என்று வையுங்கள். முதல் வகையில் மறுநாள் ராத்திரி எட்டு வரை ரூம் உங்களுடையது. இரண்டாவது வகையில் அதே வாடகைக்குப் பதினாறு மணி நேரம்தான். செயலி வழியாகப் போட்டால் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனால் செயலியில் பார்த்துவிட்டு லாட்ஜுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

அதே போனில் இன்னும் இரண்டு கேள்வி. காலையில் பையை கவுண்டரில் வைத்துவிட்டுப் போகலாமா? ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தாலும் ரூம் நமக்கு இருக்குமா? இரண்டாவதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ‘வந்து பணம் கொடுத்தால் போதும்’ என்கிற புக்கிங்கில் லாட்ஜ்காரருக்கு எந்தப் பிடிப்பும் இல்லை. ஏழு மணிக்கு நேரில் வந்து கையில் காசு நீட்டுகிறவருக்குச் சாவி போய்விடும். கொஞ்சம் அட்வான்ஸை ஜிபே-யில் போட்டு, ரூம் நம்பரைக் கேட்டு வாட்ஸ்ஆப்பில் வாங்கி வையுங்கள். காலையிலேயே பையோடு போய், 24 மணி நேரக் கணக்கு ராத்திரியிலிருந்துதானே என்று கேட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரில் பெயரும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. பெரியவர்கள் எல்லோருக்கும் ஆதார் மாதிரி ஏதாவது ஒரு அடையாள அட்டை ஒரிஜினலாக வேண்டும்.

அடுத்தது சுடுதண்ணீர். பார்க்கிலேயே ஷவர் உண்டு, ஆனாலும் குளோரின் தலையிலிருந்து போக ரூமில் ஒரு தடவை நன்றாகக் குளிக்க வேண்டும். சாதாரண லாட்ஜில் இருக்கிற ஹீட்டர் 15 லிட்டர், 2 கிலோவாட். தண்ணீர் 60 டிகிரிக்கு வர இருபது நிமிடம் பிடிக்கும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் சுமார் 38 லிட்டர், அதாவது இரண்டு பக்கெட். நாலு பேர் குளிக்க இரண்டு தடவை சூடாக்கணும், நடுவில் காத்திருக்கணும். ரூமுக்குள் போனதும் முதல் வேலை ஹீட்டர் சுவிட்சைப் போடுவது. சில இடத்தில் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, கதவுக்குப் பின்னால் இருக்கும், தேடுங்கள். சோலார் என்று சொன்னால் காலையில் மட்டும்தானா என்று கேளுங்கள். காலை ஒன்பதுக்கு நிறுத்திவிடுகிற லாட்ஜும் உண்டு, மிதுனம் கர்க்கடகம் (ஆனி, ஆடி) மழையில் சோலார் பேருக்குத்தான்.

இந்தக் கணக்கினால்தான் நாலு பேருக்கு ஒரு ஏசி ஃபேமிலி ரூமைவிட இரண்டு சாதாரண டபுள் ரூம் மேல் என்கிறேன். இரண்டு பாத்ரூம், இரண்டு ஹீட்டர், ஈரத்துணி காய இரண்டு ஃபேன். எக்ஸ்ட்ரா பெட் என்று தருகிற மெத்தை பல இடத்தில் கையகலம்தான். மீன மேட (பங்குனி, சித்திரை) வெயிலில் மட்டும் ஏசி வேண்டும், அப்போதும் கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஃபேனும் லைட்டும்தான் ஓடும். கீழே பார் இருக்கிற கட்டிடத்தில் குடும்பத்தோடு முதல் மாடியில் ரூம் வாங்காதீர்கள், ராத்திரி வெகுநேரம் சத்தம் ஓயாது.

மீதிப் பணம் கொடுக்கும் முன் ரூமைப் பாருங்கள். மெத்தை விரிப்பைத் தூக்கி, ஓரத் தையலிலும் கட்டில் தலைமாட்டுப் பலகையின் பின்னாலும் போன் டார்ச்சை அடியுங்கள். கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. வேறு ரூம் கேளுங்கள், ஆனால் ஒட்டின பக்கத்து ரூம் வேண்டாம், சுவர் வழியாக அங்கேயும் போயிருக்கும். பையைக் கட்டிலில் வைக்காமல் மேஜையில் வையுங்கள். பில்லில் இன்னொன்று: ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதம் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத பில்லில் வரியே வாங்கக் கூடாது.

துணிக்கு வருவோம். தண்ணீர் ரைடில் பருத்தித் துணியை விடமாட்டார்கள், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும் என்பதால். நைலான், பாலியஸ்டர் துணியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். ரூமில் அதைப் பாத்ரூமில் தொங்கவிட்டால் கேரளத்து ஈரக்காற்றில் காலை வரை சொட்டிக்கொண்டேதான் இருக்கும். காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கிப் பிழிந்து, ஃபேனுக்கு நேர் கீழே கொடி கட்டிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். அதற்காகவே மூன்று மீட்டர் நைலான் கயிறும் ஆறு கிளிப்பும் பையில் போடுங்கள். குழந்தைகளுக்கு டிக்கெட் வயதில் இல்லை, உயரத்தில். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140-க்கு மேலே பெரியவர் டிக்கெட். வீட்டுச் சுவரிலேயே அளந்துவிட்டுப் போனால் கவுண்டரில் தர்க்கம் மிச்சம்.

ராத்திரிச் சாப்பாடு லாட்ஜில் கிடைக்காது, ஸ்டாண்ட் பக்கத்தில் தட்டுக்கடை உண்டு. விருச்சிகம் (கார்த்திகை) பிறந்து மகரவிளக்கு வரை இந்த யோசனையே வேண்டாம், ரயிலும் லாட்ஜும் சபரிமலைக்குப் போகிற சாமிகளால் நிரம்பியிருக்கும். ஆலுவா மணப்புறத்துச் சிவராத்திரிக்கும் அப்படித்தான்.

24 மணி நேர லாட்ஜ் கிடைத்தவர்களுக்கு மறுநாள் பகல் சும்மா கிடைத்த மாதிரி. பையை ரூமிலேயே பூட்டிவிட்டு ஆலுவாவில் மெட்ரோ ஏறி, ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ படகைப் பிடித்து ஃபோர்ட் கொச்சி போய்வரலாம். ஆறு மணிக்குள் திரும்பினால் இன்னொரு குளியலும் போட்டுவிட்டு ரயிலேறலாம்.