பண்டார வன்னியன் நரிக்கதை வகையா?

ஒருவர், வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்த சிற்றரசன் பண்டார வன்னியன் கதையும் அம்மம்மா சொல்லும் நரிக்கதை போல ஒரு நாட்டுப்புறக் கதைதான், அப்படியொரு ஆள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். மன்னிக்கவேணும், அது சரியில்லை.

நரிக்கதை 'ஒரு ஊரிலே' என்று தொடங்கும். ஊருக்கும் பெயர் இல்லை, காலமும் இல்லை. கேட்கிற பிள்ளைக்கே அது கற்பனை என்று தெரியும். பண்டார வன்னியன் கதை ஐதீக வகை: ஆள், இடம், காலம் மூன்றும் சொல்லி, நடந்தது என்றே சொல்லப்படுவது. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கு எரிந்த கதையும் அந்த வகைதான், ஆனால் அது நம்பிக்கையில் நிற்கிறது. பண்டார வன்னியனுக்கோ எதிரியின் எழுத்தே இருக்கிறது. ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31இல் அவனைத் தோற்கடித்ததாக முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் கல் நட்டார்கள். தோற்கடித்ததாகப் பெருமை பேச ஒரு ஆள் இருந்திருக்கத்தானே வேணும்!

அந்தக் கல்வெட்டு வாசகத்தை இணையத்தில் படமாகவே பார்க்கலாம். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டிலும் அவன் பெயரைத் தேடிப் பாருங்கள். வாய்வழியாகச் சேர்ந்த வீரச் சம்பவங்கள் எல்லாம் நடந்தவை என்று நான் சொல்லவில்லை, அது வேறு விசயம்.